கடலூர் மாவட்டக் கிராமத்துக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு: ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகும் முறை

நெய்வேலியில் ஒப்பந்த வேலை, பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலை, செங்கல் சூளை, சிப்காட் ஆலை, கரும்பு வெட்டு, சிதம்பரத்தில் பிள்ளையின் படிப்பு என்று ஏதோ ஒரு காரணத்துக்காகக் கடலூர் மாவட்டத்துக் கிராமங்களில் ஆண்டுதோறும் புதிய குடும்பங்கள் வந்து தங்குகின்றன. வருபவர்கள் வாடகை, குடிதண்ணீர், பேருந்து நேரம், ரேஷன் கடை, பள்ளிக்கூடம் ஆகிய எல்லாவற்றையும் முதல் வாரத்திலேயே விசாரித்துவிடுகிறார்கள். இந்த ஊருக்கு நர்சம்மா யார், அவர் எந்தக் கிழமை வருவார் என்று விசாரிப்பவர்கள் மிகக் குறைவு.

நானும் விசாரிக்கவில்லை. குறிஞ்சிப்பாடி வட்டாரத்தில் நாங்கள் குடியேறிய முதல் வருடம், கார்த்திகை அடைமழையில் ஓர் இரவு, இரண்டு வயது மகளுக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்துவிட்டது. ஆட்டோவைத் தேடிப் பிடித்து, தண்ணீர் தேங்கிய சாலையில் ஒன்றரை மணி நேரம் போய், நகரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் வாசலில் நின்றோம். முன்பணம் கட்டிய பிறகுதான் குழந்தையை உள்ளே எடுத்துக்கொண்டார்கள். எங்கள் தெருவிலிருந்து 3 கிலோமீட்டரில் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது, அங்கே இரவிலும் செவிலியர் பணியில் இருக்கிறார் என்பது அடுத்த வாரம்தான் தெரிந்தது. குழந்தை பிழைத்துக்கொண்டாள். அந்த ஒன்றரை மணி நேரத்தை இன்னொரு தாய்க்கு மிச்சப்படுத்த வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். உடம்பு நன்றாக இருக்கும் ஒரு நாளில் முதல் முறை போய்ப் பெயரைப் பதிந்துகொண்டு வர வேண்டும். மற்ற எல்லா வழிகளும் அதிலிருந்துதான் திறக்கின்றன.

எது எங்கே இருக்கிறது

சமவெளிப் பகுதியில் ஏறத்தாழ 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது அரசின் கணக்கு. துணை நிலையம் பெரும்பாலும் இரண்டு அறைகளும் ஒரு திண்ணையும் கொண்ட சிறிய கட்டடமாக இருக்கும். அதன் பொறுப்பில் இருப்பவர் கிராம சுகாதார செவிலியர். ஊரில் யாரும் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டார்கள், நர்சம்மா என்றுதான் கேட்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவர், செவிலியர்கள், மருந்தாளுநர், ஆய்வக நுட்பநர் ஆகியோர் இருப்பார்கள். ஒவ்வோர் ஒன்றியத்திலும் 30 படுக்கைகள் கொண்ட மேம்படுத்தப்பட்ட நிலையம் ஒன்று உண்டு. ஸ்கேன் போன்றவற்றுக்கு அங்கே அனுப்புவார்கள். அதற்கு மேல் தாலுகா அரசு மருத்துவமனைகளும், மக்கள் பெரியாஸ்பத்திரி என்று சொல்லும் கடலூர் அரசு தலைமை மருத்துவமனையும், சிதம்பரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உள்ளன. கடலூரிலிருந்து ஏறத்தாழ 22 கிலோமீட்டரில் புதுச்சேரியும் அங்கே ஜிப்மர் மருத்துவமனையும் இருப்பதால், சாதாரணச் சளிக்குக்கூட நேரே ஜிப்மருக்குப் பேருந்து ஏறுபவர்கள் நம் பக்கம் அதிகம். ஒரு நாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் போய், விடியற்காலையிலிருந்து வரிசையில் நின்று வாங்கிவரும் மாத்திரையைப் பல வேளைகளில் ஊருக்குப் பக்கத்திலேயே வாங்கியிருக்கலாம் என்பது என் கருத்து.

முதல் முறை போகும்போது

குடிவந்த மாதத்திலேயே முதலில் அங்கன்வாடிக்குப் போய், நர்சம்மா வரும் நாளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அங்கன்வாடிப் பணியாளருக்கு அது தெரியாமல் இருக்காது. அன்றைக்குப் போய், குடும்பத்தில் எத்தனை பேர், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை உண்டா, யாராவது முழுகாமல் இருக்கிறார்களா, சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, காசநோய்க்கு மாத்திரை எடுப்பவர் உண்டா என்ற விவரங்களைச் சொல்லி, நர்சம்மாவின் பதிவேட்டில் வீட்டை ஏற்றச் சொல்ல வேண்டும். வாடகை வீடு, சொந்த ஊர் வேறு, ரேஷன் அட்டை இன்னும் மாற்றவில்லை என்று தயங்க வேண்டாம். அவர் பகுதியில் தங்கியிருக்கும் எவரும் அவர் பொறுப்புதான்.

அடுத்து, ஒரு வேலை நாளில் காலையிலேயே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் வர வேண்டும். நுழைவாயிலில் இருக்கும் பலகையிலிருந்து நேரத்தையும் தொலைபேசி எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிப் பெண்களுக்கான பரிசோதனை, புதன்கிழமை தடுப்பூசி என்பது தமிழ்நாடு முழுவதும் நெடுங்காலமாக இருந்துவரும் ஏற்பாடு. மற்றவர்கள் அவ்விரு நாள்களைத் தவிர்த்தால் கூட்டம் குறைவாக இருக்கும். இரவில் யார் இருப்பார்கள், எந்தக் கதவைத் தட்ட வேண்டும், பாம்புக்கடி மருந்தும் நாய்க்கடி ஊசியும் இருப்பில் உள்ளனவா, சித்த மருத்துவர் உண்டா ஆகிய கேள்விகளைத் தயங்காமல் கேட்கலாம். வந்த நாளிலேயே வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துவிட்டால், வந்த வேலையும் முடிந்தது, சீட்டும் கையில் இருக்கும்.

உள்ளே நடைமுறை எளிது. பதிவு செய்யும் இடத்தில் பெயரும் வயதும் சொன்னால் சீட்டு தருவார்கள், கட்டணம் இல்லை. மருத்துவர் பார்த்து எழுதுவார், தேவையானால் ஆய்வகத்துக்கு அனுப்புவார், கடைசியில் மருந்தகத்தில் மாத்திரை வாங்க வேண்டும். ஆதாரைக் கேட்டால் காட்டலாம். அது இல்லை என்பதற்காகச் சிகிச்சையை மறுக்க முடியாது. கிள்ளைப் பக்கம் எந்த அட்டையும் இல்லாத இருளர் குடும்பங்கள் இதற்கு அஞ்சியே வெளியில் நின்றுவிடுவதைக் கண்டிருக்கிறேன். அப்படி யாரையாவது பார்த்தால் கூடவே உள்ளே போய் நில்லுங்கள்.

மருத்துவரிடம் பேசுவதற்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். எத்தனை நாளாக, எந்த நேரத்தில் அதிகமாக, ஏற்கெனவே என்ன மாத்திரை என்ற மூன்றையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும். பழைய மாத்திரை அட்டைகளைப் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்; ‘வெள்ளையாகச் சின்னதாக ஒரு மாத்திரை’ என்பதை வைத்து அவர் எதையும் கண்டுபிடிக்க முடியாது. ஊசி போடவில்லை என்றால் வைத்தியமே பார்க்கவில்லை என்று கோபித்துக்கொள்ளும் பழக்கம் நம் கிராமங்களில் ஆழமாக இருக்கிறது. சாதாரணக் காய்ச்சலுக்கு ஊசி எந்த விதத்திலும் மாத்திரையை விட மேலானது அல்ல. ஊசி கேட்டு அடம்பிடித்துவிட்டு, கிடைக்காமல் எந்தப் படிப்பும் இல்லாதவரிடம் போய்ப் போட்டுக்கொள்வது ஆபத்தானது.

அரசு மாத்திரைக்குச் சத்து இல்லை என்ற பேச்சையும் கேட்பீர்கள். இந்த மருந்துகளைத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மாநிலம் முழுமைக்கும் சேர்த்து மொத்தமாக வாங்கி, தரப் பரிசோதனை செய்த பிறகே நிலையங்களுக்கு அனுப்புகிறது. 1994-இல் தொடங்கிய இந்த ஏற்பாட்டைப் பிற மாநிலங்கள் வந்து பார்த்துக் கற்றுக்கொண்டு போயிருக்கின்றன. அட்டையில் விலை அச்சிடப்படாததால் மருந்து மட்டமாகிவிடாது.

தினமும் மாத்திரை எடுப்பவர்கள்

சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் உள்ளவர்களுக்கு மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டம் 2021 ஆகஸ்ட் 5 முதல் நடந்துவருகிறது. நிலையத்தில் ஒருமுறை பரிசோதித்துப் பதிவு செய்துகொண்டால், மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் மாதந்தோறும் மாத்திரையை வீட்டுக்குக் கொண்டுவந்து தருவார். ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் வீட்டிலேயே பார்ப்பார். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு இயன்முறைப் பயிற்சியும் வலிதணிப்புச் சிகிச்சையும் வீட்டுக்கே வரும். வேறு மாவட்டத்தில் இத்திட்டத்தில் இருந்தவர்கள் பழைய அட்டையைக் காட்டி இங்கே பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றாவிட்டால் அங்கே கதவு பூட்டியிருக்கும், இங்கே பெயர் இருக்காது.

மாத்திரை வந்து சேருவதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. என் மாமியாருக்கு எழுத்துத் தெரியாது. காலை மாத்திரையும் இரவு மாத்திரையும் ஒரே காகித உறையில் கலந்து கிடந்து, ஒரு மாதம் முழுவதும் அவர் மாற்றி மாற்றிச் சாப்பிட்டிருக்கிறார். தலைசுற்றி விழுந்த பிறகுதான் கவனித்தோம். இப்போது இரண்டு டப்பாக்கள் வைத்திருக்கிறோம். மஞ்சள் மூடி போட்டது காலைக்கு, அடுப்படி அலமாரியில் காப்பித் தூளுக்குப் பக்கத்தில்; கறுப்பு மூடி போட்டது இரவுக்கு, அவர் படுக்கும் பாய்க்கு மேலுள்ள மாடத்தில். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரிக்காமல், ஒவ்வொரு வேளைக்கும் வெட்டிப் போட்டு வைக்கிறோம். அடுத்த மாதம் எத்தனை மிஞ்சியது என்று பார்த்தாலே ஒழுங்காகச் சாப்பிட்டாரா என்பது தெரிந்துவிடும். சர்க்கரை அளவும் ரத்த அழுத்தமும் சரியாகிவிட்டன என்று தாமாக மாத்திரையை நிறுத்துவதுதான் நான் அதிகம் காணும் தவறு. சரியாக இருப்பதே மாத்திரையால்தான்.

இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் இருப்பவர்கள் சளிப் பரிசோதனைக்குக் கட்டாயம் போக வேண்டும். காசநோய் என்று உறுதியானால் மருந்து முழுவதும் இலவசம்; சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும்.

கருவுற்ற பெண்ணும் கைக்குழந்தையும்

நாள் தள்ளிப்போனதும், 12 வாரங்களுக்குள், நர்சம்மாவிடம் பதிவு செய்துவிட வேண்டும். அப்போது கிடைக்கும் 12 இலக்க எண்ணைப் பிக்மி எண் என்பார்கள். பேறுகால உதவிக்கும் பின்னர் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண்ணைத்தான் கேட்பார்கள் என்பதால், பரிசோதனையெல்லாம் தனியாரிடம் பார்த்துக்கொள்பவர்களும் இதை விட்டுவிடக் கூடாது. ஆதார், ரேஷன் அட்டை, பெண்ணின் பெயரிலேயே உள்ள வங்கிக் கணக்குப் புத்தகம், மாறாத கைபேசி எண் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். ஆதாரில் தகப்பனார் பெயரும் வங்கிப் புத்தகத்தில் கணவர் பெயருமாக இருந்து பணம் நின்றுபோன வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு. கல்யாணமான உடனே இரண்டையும் ஒன்றாக்கிவிடுவது நல்லது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில், 19 வயது நிறைந்த, வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள பெண்களுக்கு முதல் இரண்டு பேறுகளுக்கு 18,000 ரூபாய் வரை உண்டு. அதில் 14,000 தவணைகளாகக் கணக்கில் வரும். மீதம் 4,000 ரூபாய்க்கு ஊட்டச்சத்துப் பெட்டகங்களாகத் தருவார்கள். இது தமிழ்நாட்டுத் திட்டம். புதுச்சேரியின் பாகூரை ஒட்டிய எல்லையோர ஊர்களில் குடியிருந்துகொண்டு புதுச்சேரி மருத்துவமனையில் பார்த்துக்கொள்பவர்கள், தங்கள் பதிவு தமிழ்நாட்டுப் பக்கத்து நர்சம்மாவிடம் இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

கர்ப்பிணிக்குத் தரும் இரும்புச்சத்து மாத்திரையைக் குப்பையில் போடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். குமட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது, குழந்தை கறுத்துவிடும் என்ற மூன்று காரணங்களைச் சொல்வார்கள். மலம் கறுப்பது அந்த மாத்திரையின் இயல்பு. குழந்தையின் நிறத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. இரவு சாப்பிட்ட பிறகு, டீயும் காப்பியும் குடிக்காத நேரத்தில் போட்டுக்கொண்டால் குமட்டல் குறையும். ரத்தச் சோகையோடு பிரசவத்துக்குப் போகும் பெண்ணுக்குச் சிறிய உதிரப்போக்குகூட உயிருக்கு ஆபத்தாகலாம் என்பதை மாமியார்கள் உட்பட வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

குழந்தைக்கான தடுப்பூசி புதன்கிழமை. துணை நிலையத்துத் திண்ணையில் நர்சம்மா நீல நிறப் பெட்டியைத் திறக்கும்போது குளிர்ந்த காற்று முகத்தில் படும். உள்ளே உறைந்த பனிக்கட்டிப் பைகளுக்கு நடுவே தீக்குச்சி நீளம்கூட இல்லாத குப்பிகள் நிற்கும். ஒவ்வொரு குப்பியின் மேலும் சிறு வட்டத்துக்குள் வெளிறிய சதுரம் ஒன்று இருக்கிறது. சூடு பட்டால் அந்தச் சதுரம் நிறம் மாறும்; வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் அந்த மருந்தைப் போட மாட்டார்கள். கேட்டால் காட்டுவார். பிறந்தவுடன், பிறகு 6, 10, 14 வாரங்களில், அதன் பின் 9 மாதம் முடிந்து என்று ஊசிகள் தொடரும். கடலூர் மாவட்டத்தில் ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கும் தனியாகத் தடுப்பூசி உண்டு. பழைய தென்னார்க்காடு மாவட்டமே அந்தக் காய்ச்சலால் பல குழந்தைகளை இழந்த பகுதி. ஊசி போட்ட பின் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்து போக வேண்டும். பிறந்தவுடன் இடது தோளில் போட்ட ஊசி சில வாரங்கள் கழித்துக் கொப்புளமாகிச் சீழ் வைத்து ஆறுவது இயல்பானது. அதில் எண்ணெயோ மஞ்சளோ தடவ வேண்டாம். அட்டையைத் தொலைக்காமல் வைத்திருங்கள், ஊர் மாறினாலும் கூடவே எடுத்துச் செல்லுங்கள்.

பாம்பு, நாய், காய்ச்சல்

108-ஐ அழைத்துவிட்டு ‘புதுப்பேட்டைக்கு வாங்க’ என்று சொன்னால் போதாது. பண்ருட்டிப் பக்கம் ஒரு புதுப்பேட்டை, பரங்கிப்பேட்டைப் பக்கம் கடலோரத்தில் ஒரு புதுப்பேட்டை. ஊர், ஊராட்சி, தாலுகா, பெரிய சாலையிலிருந்து திரும்பும் இடத்து அடையாளம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி நிலைக்கதவின் பின்புறம் ஒட்டிவையுங்கள். பதற்றத்தில் சொந்தத் தெருப் பெயரே வராது. எல்லையோர ஊர்களில் மாநிலத்தையும் மாவட்டத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பாம்பு கடித்தால் கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல், குச்சி வைத்துத் துணியால் எலும்பு முறிவுக்குக் கட்டுவது போலத் தளர்வாகக் கட்டி, ஆளை நடக்க விடாமல் தூக்கிச் செல்ல வேண்டும். இறுக்கிக் கயிறு கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது மூன்றும் கேட்டையே விளைவிக்கும். மோதிரம், வளையல், கொலுசு ஆகியவற்றை வீங்குவதற்கு முன் கழற்றிவிடுங்கள். பாம்பைத் தேடிப் போக வேண்டாம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்கும் ஒரே முறிவு மருந்துதான். கட்டுவிரியனைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். பல் பட்ட தடமும் வலியும் பெரும்பாலும் இருக்காது. விடியற்காலையில் எழுந்து வயிறு வலிக்கிறது, தொண்டை அடைக்கிறது, கண் இமை தூக்க முடியவில்லை என்று ஒருவர் சொன்னால், அஜீரணம் என்று சோடா கொடுத்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். மூச்சு நின்றுபோவதற்கு அதிக நேரம் ஆகாது. சூளைக் கொட்டகையிலும் கரும்புத் தோட்டத்துக் குடிசையிலும் தூங்குபவர்கள் கயிற்றுக் கட்டில் போட்டு, கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகிக்கொண்டு படுத்தால் இந்தக் கடி ஏறக்குறைய வராமலே போய்விடும்.

நாய் கடித்தாலும் பிறாண்டினாலும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மிளகாய்த் தூள், சுண்ணாம்பு எதுவும் கூடாது. தடுப்பூசி முதல் நாள், பிறகு 3, 7, 28-ஆம் நாள்களில். ரத்தம் வந்த காயமாக இருந்தால் காயத்திலேயே போடும் இன்னொரு மருந்தும் தேவைப்படும் என்பதால், நிலையத்தில் எழுதித் தரும் சீட்டோடு பெரிய மருத்துவமனைக்கு அன்றே போய்விட வேண்டும். நான்கு ஊசிகளில் கடைசியை விடுபவர்கள் அதிகம். வெறிநோய் வந்தபின் காப்பாற்ற வழியில்லை.

ஐப்பசி தொடங்கித் தை வரைக்குமான மாதங்களில் மூன்று நாள்களுக்கு மேல் நீடிக்கும் காய்ச்சலை இந்தப் பகுதியில் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. டெங்குவைத் தவிர, சேற்றில் இறங்கி வேலை செய்பவர்களுக்கு எலிக்காய்ச்சலும், புதர்க் காட்டில் விறகு பொறுக்குபவர்களுக்கு உண்ணிக்காய்ச்சலும் வருகின்றன. உண்ணிக்காய்ச்சலில் அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு போன்ற மறைவிடங்களில் பீடி சுட்டது போன்ற கறுப்புப் பொருக்கு ஒன்று இருக்கும், வலிக்காது. கூச்சத்தால் அதைச் சொல்லாமல் விடுபவர்கள் உண்டு. வீட்டிலேயே பார்த்து மருத்துவரிடம் காட்டிவிட்டால், விலை குறைந்த மாத்திரையிலேயே குணமாகும் நோய் அது.

மேலே அனுப்பினால்

நிலையத்தில் முடியாததற்கு மேல் மருத்துவமனைக்கு எழுதித் தருவார்கள். அந்தச் சீட்டையும் பழைய முடிவுகளையும் ஒரே கோப்பில் வைத்து எடுத்துச் செல்லுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. வருமானச் சான்றும் ரேஷன் அட்டையும் கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் பதிய வேண்டும். நோயாளியைக் கட்டிலில் போட்டுவிட்டுச் சான்றுக்கு அலைவது பெரும் துன்பம்; ஆகவே இதையும் நன்றாக இருக்கும்போதே முடித்துவிடுங்கள். சாலை விபத்தில் அடிபட்டவருக்கு அட்டை எதுவும் வேண்டாம். இன்னுயிர் காப்போம் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை எவருக்கும் இலவசம்.

குறை இருந்தால்

மருத்துவர் இல்லை, மருந்து இல்லை, காசு கேட்டார்கள் என்றால் அங்கேயே சண்டை போடுவதால் பயன் குறைவு. நாளையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு வட்டார மருத்துவ அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள்; 104 என்ற மருத்துவ உதவி எண்ணில் சொல்லலாம்; அசையவில்லை என்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுத்துப் பதிவு எண் வாங்கிக்கொள்ளுங்கள். துணை நிலையத்துக்குத் தண்ணீர் இல்லை, கழிப்பறை இல்லை, போகும் வழியில் விளக்கு இல்லை போன்றவை கிராம சபையில் பேச வேண்டியவை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாள்களில் கிராம சபை கூடும். புதிதாக வந்தவர்களும் போய் உட்கார்ந்து கேட்கலாம்.

சூளைக்கு வேறு மாவட்டங்களிலிருந்து வந்து தங்கும் குடும்பங்கள் சில மாதங்களில் போய்விடுவார்கள் என்பதால் எந்தப் பதிவேட்டிலும் ஏறாமல் விட்டுப்போகிறார்கள். நடமாடும் மருத்துவக் குழு உங்கள் பக்கம் வரும் தேதியை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு, சூளை முகப்பில் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதிப் போடுங்கள். புதன்கிழமை கைக்குழந்தையோடு திண்ணைக்குப் போகும்போது, கொட்டகையில் இருக்கும் இன்னொரு தாயையும் கூட்டிக்கொண்டு போங்கள்.